பெயர் மறைத்தும் மறையாத ஊர்

அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நீண்டு கிடக்கிறது டிங்கிள் தீபகற்பம். மலையும் சதுப்பும் ஓயாத கடற்காற்றும் சூழ்ந்த அந்நிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஐரிஷ் மொழியில் அதற்கு வழங்கும் பெயருக்குப் ‘பித்தர் பள்ளத்தாக்கு’ என்பது பொருள். அந்நாட்டின் எம்மூலையில் ஒருவர் மனம் பேதலித்தாலும், தடுப்பார் இல்லையெனில் அவருடைய கால்கள் தாமாகவே இப்பள்ளத்தாக்கை நாடி வரும் என்றும், இங்குள்ள சுனையின் நீரைப் பருகி அந்நீரில் தழைக்கும் கீரையைத் தின்றால் பித்தம் தெளியும் என்றும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர்.

அக்கதையை மெய்யெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், மனநோயாளியைக் கல்லெறிந்து துரத்திய ஊர்கள் உலகெங்கும் இருந்த காலத்தில், அவனுக்கென ஒரு சுனையை ஒதுக்கி வைத்த கற்பனை எளிதாகத் தள்ளிவிடத் தக்கதன்று. மனம் நொந்தவர்க்கும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பதை அறிந்திருந்த மக்களின் கற்பனை அது.

அதே தீபகற்பத்தின் ஒரு சிற்றூருக்கு 1974ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்து சேர்ந்தார். பெயர் நான்சி ஷெப்பர் ஹியூஸ். அகவை முப்பது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்று கொண்டிருந்தவர். அதற்கு முன்னர், 1960களில், பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் ஏழை மக்களிடையே தொண்டாற்றியவர். கணவரோடும் மூன்று சிறு குழந்தைகளோடும் அவர் அவ்வூரில் குடியேறி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வாழ்ந்தார். அவர் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றே: அயர்லாந்தின் மேற்குப் புறத்துச் சிற்றூர்களிலிருந்து இத்தனை இளைஞர்கள் மனநல மருத்துவமனைக்குச் செல்லக் காரணம் என்ன?

கேள்வி வீணானதன்று. 1950களின் இறுதியில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 இலட்சம். அவர்களுள் 20,000க்கும் மேற்பட்டோர் மனநல மருத்துவமனைகளில் இருந்தனர். நூற்று நாற்பது பேருக்கு ஒருவர் என்னும் கணக்கு இது. உலக நாடுகளிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக அது விளங்கிற்று. 1971ஆம் ஆண்டில் நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, மேற்கு மாவட்டங்களைச் சேர்ந்த, திருமணமாகாத ஆண்களே அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு எழுதப்பட்டிருந்த நோய், மனச்சிதைவு.

பசியும் பிரிவும்

ஓர் ஊரின் மனத்தை அறிய விரும்புவோர் அவ்வூரின் வயிற்றை முதலில் அறிய வேண்டும். 1841ஆம் ஆண்டில், இன்றைய குடியரசின் எல்லைக்குள் மட்டும் 65 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் பற்றியது. அதனை அடுத்த ஆண்டுகளில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் ஓய்ந்தது, கப்பலேறுதல் ஓயவில்லை. நூறாண்டுகளுக்குப் பிறகும் இளைஞர் ஆண்டுதோறும் பாஸ்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இலண்டனுக்கும் போய்க்கொண்டே இருந்தனர். 65 இலட்சம் 28 இலட்சமாய்ச் சுருங்கியது இவ்வாறே. டிங்கிள் தீபகற்பத்தின் முனைக்கு அப்பால் உள்ள பெரிய பிளாஸ்கெட் தீவில் எஞ்சியிருந்த சிலரையும் 1953ஆம் ஆண்டில் அரசு கரைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியது. கதை சொல்லிகளுக்குப் பெயர்பெற்ற அத்தீவில் அதன்பின் நிலையான குடிவாழ்வு இல்லாது போயிற்று.

பஞ்சம் விட்டுச்சென்ற மற்றொரு வடு நிலத்தைப் பற்றியது. சிறு துண்டு நிலத்தையும் மக்கள் அனைவர்க்கும் பங்கிட்டதாலன்றோ கிழங்கை மட்டும் நம்பும் நிலை வந்தது என்று அஞ்சிய உழவர், இனி நிலம் பிரியலாகாது என்று முடிவு கட்டினர். நிலம் ஒரு மகனுக்கே. அவனும் தந்தை கைவிடும் நாள் வரையில் காத்திருக்க வேண்டும். நாற்பது அகவையைக் கடந்த ஆண்மகனையும் ஊரார் ‘பையன்’ என்றே அழைக்கும் வழக்கத்தை, 1930களில் கிளேர் மாவட்டத்தில் ஆய்வு நடத்திய ஆரன்ஸ்பர்க், கிம்பல் என்னும் அமெரிக்க மானிடவியலார் இருவர் குறித்துள்ளனர். ஆயினும் அவர்கள் கண்ட ஊரில் அவ்வழக்கத்துக்கு ஒரு பயன் இருந்தது. நிலம் பெறும் மகனுக்கு ஒருநாள் மணமகள் வருவாள், சீர் வரும், குடும்பம் தொடரும். காத்திருத்தலுக்குக் கனி இருந்தது.

நான்சி அம்மையார் வந்தபோது அக்கனி உதிர்ந்துவிட்டிருந்தது. மகளிர் ஊரில் தங்க விரும்பவில்லை. மழைநீர் தேங்கும் வயலுக்கும் மாமியார் ஆளும் அடுப்பங்கரைக்கும் வாழ்க்கைப்படுவதைவிட நகரத்துச் செவிலியர் பணி மேலென்று அவர்கள் சென்றுவிட்டனர். 1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பின்னர், சிறுநில உழவு நாட்டுக்குத் தேவையற்ற தொழில் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. முன்பு யாருக்கு நிலம் என்று உடன்பிறந்தார் போட்டியிட்டனர். இப்போது யார் தலையில் நிலம் விழும் என்று அஞ்சினர்.

கடைசி மகன்

அம்மையார் மக்களோடு மக்களாக வாழ்ந்தார். அடுப்படியில் அமர்ந்து தேநீர் பருகினார், வழிபாட்டுக்குச் சென்றார், இழவு வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்தார். இளைஞர்களிடம் படங்களைக் காட்டி, அவற்றுக்குக் கதை சொல்லச் செய்யும் உளவியல் தேர்வை நடத்தினார். மனநல மருத்துவமனையிலிருந்த கெர்ரி மாவட்டத்து இளம் நோயாளிகளிடமும் அதே தேர்வை நடத்தினார். அக்கதைகளில் திரும்பத் திரும்ப ஒரு முகம் தோன்றுவதாக அவருக்குப்பட்டது. வீட்டை விட்டுப் போகவும் இயலாமல், வீட்டில் இருக்கவும் மனமின்றித் தவிக்கும் ஓர் இளைஞனின் முகம் அது.

‘கடைக்குட்டி’ என்னும் தமிழ்ச் சொல்லில் இழையும் செல்லம் அங்கே கடைசி மகனுக்கு வாய்க்கவில்லை என்று அவர் கருதினார். முன்பிறந்தோர் உலகை வெல்லப் பிறந்தவர்கள். படிக்க வேண்டும், பிழைக்க வேண்டும், கடல்கடந்து பணம் அனுப்ப வேண்டும். கடைசியாக எஞ்சும் மகன் முதிய பெற்றோரையும் மெலிந்த நிலத்தையும் காக்க வேண்டும். அவனைத் தடுத்து நிறுத்தும் கயிறு கண்ணுக்குத் தெரிவதன்று. ‘அவன் வெளியூரில் பிழைக்கமாட்டான், அவனுக்கு அவ்வளவு திறமை போதாது’ என்று சிறுபோது முதலே விளையாட்டாகச் சொல்லப்படும் சொல்லே அக்கயிறு. ஒருபுறம் ‘உன்னை யார் தடுத்தார்கள்? போவதானால் போ’ என்பர்; மறுபுறம் ‘நீயும் போய்விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?’ என்பர். எப்பக்கம் திரும்பினாலும் குற்றவாளி ஆகும் இந்நிலையை ‘இரட்டைக் கட்டு’ என்று 1956ஆம் ஆண்டில் கிரிகரி பேட்சனும் அவர்தம் தோழர்களும் விளக்கியிருந்தனர். அக்கருத்தை அம்மையார் இங்கே பொருத்திப் பார்த்தார்.

ஊர் யாரைப் பித்தர் என்று கொண்டது என்பதையும் அவர் ஆராய்ந்தார். தனக்குத்தானே பேசுவோரையும், விசித்திரப் போக்குடையோரையும், பிறர் காணாததைக் கண்டதாகச் சொல்வோரையும் ஊர் பொறுத்துக்கொண்டது. சினத்தையோ காமத்தையோ வெளிப்படையாகக் காட்டியோரையும், பெற்றோர்க்கும் குருமார்க்கும் எதிராகக் குரல் உயர்த்தியோரையும் அவ்வாறு பொறுத்துக்கொள்ளவில்லை. அத்தகையோர் கில்லார்னி நகரின் பெரிய மருத்துவமனையை நோக்கி அனுப்பப்பட்டனர். 1945ஆம் ஆண்டின் சட்டப்படி, குடும்பத்தார் விண்ணப்பமும் மருத்துவர் சான்றும் இருந்தால் ஒருவரை உள்ளே சேர்த்துவிடலாம். உள்ளே சென்றோர் சிலர்க்கு அது சிறை. வேறு சிலர்க்கோ அது புகலிடம். வீட்டின் தனிமையைவிட மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் மேலான துணை கிடைத்ததென்று எண்ணியோரும் உண்டு.

நூலும் ஊரும்

1979ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. அயர்லாந்தைப் ‘புனிதரும் அறிஞரும் வாழ்ந்த தீவு’ எனப் போற்றுவது பழைய மரபு. அம்மரபுத் தொடரோடு ஒரு சொல்லைக் கூட்டி, ‘புனிதர், அறிஞர், மனச்சிதைவுற்றோர்’ என்று பொருள்படும் தலைப்பை அம்மையார் சூட்டினார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்துப் ‘பாலிபிரான்’ என்னும் புனைபெயரை இட்டார். மாந்தரின் பெயர்களை மாற்றினார். ஒருவர் செய்தியை மற்றொருவர் செய்தியோடு கலந்து அடையாளம் மறைக்கவும் முயன்றார். மானிடவியல் உலகம் நூலை வரவேற்றது. மார்கரெட் மீட் பெயரால் வழங்கும் விருதும் அதற்குக் கிடைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் அது பாடநூலாயிற்று.

சிற்றூரில் பெயரை மறைப்பது எளிதா? சில நூறு பேர் வாழும் இடத்தில், மூன்று பசுக்களும் ஒரு நாயும் முதிய தாயும் உடைய மணமாகாத உழவன் யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். நூல் வெளிவந்து நெடுநாள் ஆகுமுன்னரே செய்தித்தாள் எழுத்தாளர் ஒருவர் ஊரை அடையாளம் கண்டு எழுதினார். படிகள் ஊருக்குள் வந்தன. வீட்டுக்கு வீடு கைமாறின. தாம் கொடுத்த தேநீரும், தாம் சொன்ன வேடிக்கையும், அடுப்பின் அருகே குரல் தாழ்த்திப் பகிர்ந்த குடும்பத் துயரும் அச்சேறி இருப்பதை மக்கள் கண்டனர். பெயர்கள் இல்லை, முகங்கள் இருந்தன.

சில ஆண்டுகளில் அம்மையார் அவ்வூருக்குச் சென்றபோது அவரை எதிர்கொண்டவர்களுள் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருந்தார். நூலின் அடுத்த பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அம்மையாரே அவருடைய கேள்வியைப் பதிவு செய்திருக்கிறார். ஆய்வின் அறிவியல் தகுதியை அவ்வாசிரியர் மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு. தம் வாழ்வைப் பிறர் ஆராயாதபடி வாழும் உரிமை எளிய மக்களுக்கு இல்லையா? தாங்கள் சற்று வேறுபட்டவர்களாயினும் களங்கமற்றவர்கள் என்னும் தன்னுருவத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லையா?

கேள்வியைக் கேட்டவர் ஓர் ஆசிரியர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஊரில் எழுத்தறிவின் பொருளை முற்றும் உணர்ந்தவர் அவரே. அச்சில் ஏறிய சொல் அழியாது என்பதையும், தம்மிடம் பயிலும் சிறுவர் வளர்ந்து ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் அந்நூலைக் காண்பர் என்பதையும், அதில் தம் தந்தையைக் காண்பர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். மருத்துவர்க்கு நோயாளியாகவும் ஆய்வாளர்க்குச் சான்றாகவும் தோன்றும் ஒருவர், அவ்வாசிரியர்க்கு ஒரு மாணவனின் சிற்றப்பன்.

அறிவியல் அளித்த மறுமொழி

ஊரார் வருந்தியது ஒருபுறம் இருக்க, நூல் சொன்னது உண்மைதானா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை பின்னாளில்தான் கிடைத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் பத்து நாடுகளில் நடத்தி, 1992இல் முழு அறிக்கையாக வெளியிட்ட பேராய்வில் டப்ளின் நகரமும் ஒரு களமாயிருந்தது. மனச்சிதைவு நோய் புதிதாகத் தோன்றும் விகிதம் டப்ளினில் பிற நாடுகளைவிடச் சிறப்பாக மிகுந்திருந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை. கென்னத் கெண்ட்லர், டெர்மட் வால்ஷ் முதலியோர் மேற்கு அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் நடத்திய குடும்ப ஆய்வின் முடிவுகள் 1993இல் வெளிவந்தன. அந்நோய் குடும்ப வழியில் வருதல் உண்டு என்பதை அவை உறுதி செய்தன. அங்கும் நோயின் அளவு வழக்கத்துக்கு மிஞ்சியதாகத் தெரியவில்லை.

எனில், மருத்துவமனைகளில் கண்ட அப்பெருங்கூட்டம் எவ்வாறு வந்தது? நோய் மிகுந்ததால் வந்தது அன்று. போக்கிடம் இன்மையால் வந்தது. ஒருமுறை உள்ளே சென்றவர் மீண்டு வர வீட்டில் இடமில்லை. மணமாகாதவரைத் திரும்ப அழைக்க மனைவியோ மக்களோ இல்லை. உடன்பிறந்தாரோ கடலுக்கு அப்பால். ஏழைகள், முதியோர், அறிவு வளர்ச்சி குன்றியோர், குடும்பச் சச்சரவில் ஒதுக்கப்பட்டோர் எனப் பலரையும் அச்சுவர்கள் உள்வாங்கிக் கொண்டன. கட்டிலின் எண்ணிக்கையை நோயின் எண்ணிக்கையாகக் கொண்டது பிழையாயிற்று.

மற்றொரு பிழையும் தெளிவாயிற்று. தாயின் வளர்ப்பு முறையே மனச்சிதைவை உண்டாக்கும் என்னும் கொள்கை 1950களிலும் 1960களிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. பேட்சனின் ‘இரட்டைக் கட்டு’ அக்காலத்துச் சிந்தனையே. இன்றைய மருத்துவம் அதனை ஏற்பதில்லை. மரபணுவின் பங்கு பெரிது. கருவிலிருந்தே தொடங்கும் மூளை வளர்ச்சியின் பங்கும் உண்டு. அவற்றின் மேல் வாழ்க்கையின் நெருக்கடிகளும் சேர்கின்றன. பிள்ளைக்கு நோய் வந்த துயரோடு, ‘நானே காரணம்’ என்னும் பழியையும் சுமந்த தாய்மார் எத்தனை நாடுகளில் எத்தனை பேரோ! அவர்கள் தலையிலிருந்து அச்சுமையை இறக்கி வைத்தது பிற்கால அறிவியல் செய்த பெருநன்மை.

அதனால் அம்மையாரின் நூல் பயனற்றதாகி விட்டதா? ஆகவில்லை. நோயின் மூலத்தை அவர் கண்டதில் குறை இருக்கலாம். நோயாளியின் தனிமையை அவர் கண்டதில் குறை இல்லை. ஊர் தேய்வதை, குடும்பம் ஒரு மகனைப் பலியாக்கிப் பிழைப்பதை, துணையும் மதிப்பும் இன்றி நடுவயதை எட்டும் ஆடவனின் மனத்தை அவர் போல் அக்காலத்தில் உற்று நோக்கியோர் சிலரே. அயர்லாந்து அரசும் 1984இல் புதிய கொள்கையை வகுத்து, பெருமருத்துவமனைகளை விட்டு மக்களிடையே நடத்தும் மருத்துவத்துக்கு மாறத் தொடங்கியது. பழைய நெடுங்கட்டடங்கள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மீண்டும் ஒரு வருகை

1999ஆம் ஆண்டில், முதல் வருகைக்குக் கால் நூற்றாண்டு கழித்து, அம்மையார் அவ்வூருக்கு மறுபடியும் சென்றார். மனம் ஆறியிருக்கும் என்று எண்ணினார் போலும். சிலர் பழைய நட்பை மறவாது பேசினர். பலர் முகங்கொடுக்கவில்லை. சில நாள்களில், ஊரை விட்டு வெளியேற வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. விருந்தினரைப் போற்றுவதற்குப் புகழ்பெற்ற நாட்டில், ஒரு விருந்தினர்க்கு வாயில் அடைக்கப்பட்டது. அடைத்தவர்களின் நெஞ்சு எவ்வளவு புண்பட்டிருக்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

அந்நிகழ்ச்சியை அம்மையார் மறைக்கவில்லை. மறு ஆண்டே அதனைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 2001இல் வெளிவந்த நூலின் விரிவான பதிப்பிலும் சேர்த்தார். புனைபெயர் யாரையும் காக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பெயரை மறைத்துவிட்டோம் என்னும் துணிவே எழுதுவோரைக் கவனக்குறைவுக்கு ஆளாக்குகிறது. உண்மைப் பெயரை எழுத நேர்ந்திருந்தால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதியிருக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். தம் நூலில் இல்லாது போனவற்றையும் அவர் எண்ணிப் பார்த்தார். அவ்வூரில் பாட்டு இருந்தது, இசை இருந்தது, நகைச்சுவை இருந்தது, அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்த நட்பு இருந்தது. நோயைத் தேடிச் சென்றவர் கண்ணில் நோயே பட்டது. நலம் எழுதப்படாமலே நின்றுவிட்டது.

இவ்விடத்தில் இருதரப்பாரையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். மனநோயைப் பற்றி யாரும் எழுதலாகாது என்று ஊர்கள் தடை விதிக்குமாயின், மூடிய கதவுக்குப் பின்னால் வாடும் நோயாளிக்காகப் பேசுவார் இல்லாமற் போவர். குடும்ப மானம் என்னும் திரைக்குப் பின்னால் நடந்த கொடுமைகள் எத்தனையோ நாடுகளில் எழுத்தாலேதான் வெளிவந்தன. ஊரின் கூச்சம் நோயாளியின் உரிமையைவிடப் பெரிதன்று. ஆனால், எழுதுவோரின் ஆர்வமும் எழுதப்படுவோரின் மானத்தைவிடப் பெரிதன்று. இவ்விரு உண்மைகளையும் ஒருசேரத் தாங்குவதே கடினம். ஒன்றை மட்டும் தாங்கி நிற்போர்க்கு வழி எளிது; ஆனால் அவ்வழியில் யாராவது ஒருவர் மிதிபடுவர்.

ஆசிரியர்க்கு ஒரு பாடம்

அகத்திணைப் பாட்டில் எவருடைய பெயரையும் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதி வகுத்தார். பெயர் சுட்டாத காதலும் பிரிவும் எல்லார்க்கும் உரியவாகின்றன, எவரையும் புண்படுத்துவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழ் மாணவர் மனப்பாடம் செய்துவரும் அவ்விதியின் அருமை, பாலிபிரானின் கதையைக் கேட்டபின் மேலும் விளங்கும். அகப்பாட்டின் தலைவி யாரென்று பாடிய புலவர் எக்குறிப்பும் தருவதில்லை. பாலிபிரானில் பெயர் மட்டும் நீக்கப்பட்டது; வீடும் வேலியும் பேச்சும் அப்படியே இருந்தன. மறைப்பது வேறு, காப்பது வேறு. காப்பதற்குப் பெயரை நீக்கினால் போதாது. எழுதுவோர் நெஞ்சில் எழுதப்படுவோர் அமர்ந்திருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியரும் ஒருவகையில் மாந்தரை எழுதுவோரே. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் சில சொற்களை அவர்கள் ஏட்டில் எழுதுகின்றனர். ‘கவனமின்மை’, ‘மந்தம்’, ‘பிடிவாதம்’ என ஒரு சொல்லில் அடங்கிவிடும் அக்குறிப்பு, அடுத்த வகுப்பாசிரியர் கைக்குச் செல்கிறது. அதற்கடுத்தவர் கைக்கும் செல்கிறது. மாணவன் முகம் பார்க்கும் முன்னரே சொல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓரத்தில் ஒதுங்கி அமரும் சிறுவனின் வீட்டில் நோயுற்ற தாய் இருக்கலாம். அதனை ஆசிரியர் அறிந்திருக்கலாம். அறிந்ததை ஓய்வறையில் சொல்லி மகிழ்வதா, உரியவர்க்கு உரைத்து உதவி பெறுவதா என்னும் இரண்டுக்கும் இடையில்தான் ஓர் ஆசிரியரின் தரம் தெரிகிறது. ‘உனக்கு இது வராது’ என்று வகுப்பறையில் விளையாட்டாகச் சொல்லும் சொல்லும், கெர்ரி மாவட்டத்துக் கடைசி மகனைக் கட்டிய கயிற்றின் இழையே. அது நோயைத் தருவதில்லை என்று மருத்துவம் சொல்லிவிட்டது. துன்பத்தைத் தருவதில்லை என்று யாரும் சொல்லவில்லை.

மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஊரைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் கட்டுரை எழுதும் இளையோர், ஒருநாள் ஆய்வேடும் நாவலும் எழுதக்கூடும். எழுதியதை வெளியிடுமுன், அதில் இடம்பெற்றவர் அதே அறையில் அமர்ந்திருக்க, உரக்கப் படிக்க இயலுமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று. குரல் நடுங்கும் இடம் வந்தால், அங்கே பொய் இருக்கிறது என்று பொருளன்று. சொல்ல வேண்டிய உண்மைக்குத் துணையாக வேறோர் உண்மை விடுபட்டிருக்கலாம். குறையைச் சொன்ன கை நிறையை எழுதாது விட்டிருக்கலாம்.

பாலிபிரானின் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. எளிதில் கிடைக்கவும் போவதில்லை. ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும். நோயாளிக்காக யாராவது பேசத்தான் வேண்டும். ஆயினும், பேனாவை எடுக்குந்தோறும் அக்கேள்வி ஒருமுறை காதில் ஒலிக்குமாயின், எழுத்து அதனால் மெலிந்து போகாது, பொறுப்புடையதாகும்.

டிங்கிள் தீபகற்பத்தின் பித்தர் பள்ளத்தாக்கில் இன்றும் அச்சுனை இருக்கிறது. வருவோர் அதில் நீர் பருகிச் செல்கின்றனர். மனம் நொந்து வந்தவனை அப்பழங்கதையின் சுனை பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, அவன் கதையை யாருக்கும் உரைக்கவும் இல்லை. வந்தவன் குனிந்து நீர் அள்ளிப் பருகினான், தெளிந்தான், திரும்பிப் போனான்.